முருகன் காலடியில் இரண்டு நாள் இருந்த மாத்திரை

தண்ணீர்மலை முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் என் அவசர புத்தியை ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். அதைச் சொன்னால்தான் அவன் செய்த உதவி உங்களுக்குப் புரியும்.

என் மனைவி தேவிக்கு முதலில் வலது கண் மங்கியது. பிறகு கால் மரத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையை அரிக்கும் நோய். குளியலறைக்குப் போகவும் என் தோளைப் பிடித்தாள். நான் நொறுங்கிப் போனேன்.

இது யார் வழியில் வந்தது என்று எங்கள் இரண்டு அம்மாக்களும் சண்டையே போட்டார்கள். பரம்பரையில் வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்து, வேறு காரணங்களும் கூடினால் வரலாம், யார் மேலும் பழி போட முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

ஒரு மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அதை உடம்பு எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்பது மரபணுவைப் பொறுத்ததாம். ரத்தம் சோதித்து, மூன்று வாரத்தில் முடிவு வந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரம்! அவள் கால் அதுவரை தாங்குமா? சோதனையில் எந்தக் குறையும் வரக்கூடாது முருகா என்று தினமும் அழுதேன்.

பொறுக்க முடியவில்லை. கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் இதே நோயுள்ள ஒருவர் வேறு மருந்துக்கு மாறியதால், அதே மாத்திரை அவரிடம் மிச்சம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பாலம் தாண்டிப் போய் வாங்கி வந்தேன்.

தேவி பெட்டியை வாங்கி முருகன் படத்தின் காலடியில் வைத்தாள். புதுக் கார் சாவியோ கல்யாணப் பத்திரிகையோ, எங்கள் வீட்டில் எதுவும் முதலில் அங்கேதான் போகும்.

"வெள்ளிக்கிழமை பூஜை முடிச்சு எடுத்துக்கிறேங்க."

"மருந்துக்கு என்ன நல்ல நாள்? இப்பவே போடுலா!"

"டாக்டருக்குத் தெரியாம வாங்கிட்டு வந்துட்டீங்க. சாமிக்காவது தெரியட்டும்."

கோபத்தில் நான் சாப்பிடவில்லை. அவளே ஊட்ட வந்தாள். கை நடுக்கத்தில் பாதிச் சோறு என் சட்டையில் விழுந்தது. சிரித்தோம், பிறகு இருவரும் அழுதோம்.

வியாழக்கிழமை, சொன்ன நாளுக்கு முன்பே, மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. தேவியின் உடம்பு அந்த மருந்தை மெதுவாகத்தான் கரைக்குமாம். மற்றவர்கள் போடும் அளவு அவளுக்கு ஆபத்து. பாதி அளவுதான் தரலாம், அதுவும் இதயத் துடிப்பைப் பார்த்துப் படிப்படியாக. நான் வாங்கி வந்தது முழு அளவு மாத்திரை.

சாமி மேடைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோதனையில் குறை எதுவும் வரக்கூடாது என்று நான் கேட்டதை அவன் தரவில்லை. என் கையால் அவளுக்குத் தீங்கு வராமல் தடுத்துவிட்டான்.

நோய் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பாதி அளவில் இந்த ஒரு வருஷமாகப் புதிய தாக்கம் இல்லை. வெயில் ஏறினால் கால் தளரும் என்பதால் விடியற்காலையில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறோம். கேட்டது கிடைக்கவில்லையே என்று தவிப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். டாக்டர் பேச்சையும் கேளுங்கள். அவன் கைவிட மாட்டான்.

போன வாரம் கோயில் படிகளில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கியபடி தேவி கேட்டாள்.

"இன்னிக்கு என்ன வேண்டிக்கப் போறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. நீயே கேளு. அவரு உன் பேச்சத்தான் கேக்குறாரு."