நாலு நாளைக்கு ஒரு தீவு

டிக்கெட் போடுவது ஒரு வேலையே இல்லை. எந்த ஊருக்கு என்று வந்தவரைச் சொல்ல வைப்பதுதான் எங்கள் தொழில். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும். நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "பெறகு வாரோம்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே மடித்து வைக்கிற ஜவுளிக்கடைக்காரர்களை நான் உடன்பிறப்பாகவே நினைக்கிறேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் டிராவல்ஸ். அங்கே எனக்கு இருபத்திரண்டு வருஷம். தமிழ் எம்.ஏ. படித்தேன்; ஒரு நாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் கைத்தறிச் சேலையையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்து எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். முதலாளி சாகுல் பாய் மேலப்பாளையத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கம்ப்யூட்டரில் டிக்கெட் போடுகிறவள் செல்வி. தீவு, கடற்கரை, நாலு நாள் ஓய்வு என்று யார் வந்தாலும் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பொறுமை அதிகம் என்று அவர்களுக்கு எண்ணம். உண்மையில் எனக்குத் தீவுகளின் பெயர்கள் பிடிக்கும், அவ்வளவுதான். லங்காவி, மினிக்காய், நீல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் வாய் ஈரமாகும்.

போன கார்த்திகையில் எனக்கே ஒரு தீவு தேவைப்பட்டது. என் மகள் உமா மெல்போர்னில் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் அவள் அப்பா இறந்தபோது வந்தவள், கிளம்புகிற அன்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே வரச் சொன்னாள். "விட்டுட்டுப் போனவ நீ. நான் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வெயிலையும் மழையையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு ஞாயிறு, ஆபீஸ் வேலையாக மாசியில் சென்னை வருவதாகவும், வேலை முடிந்து நாலு நாள் கையில் இருப்பதாகவும் சொன்னாள். நம் வீட்டுக்கு வா என்று நான் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள். "வீட்டுக்கு வந்தா நீ அடுப்படியிலதான் நிப்ப. நாலு நாளும் உன் முதுகைத்தாம்மா பாத்துட்டு இருக்கணும். எங்கயாவது ஒரு தீவாப் பாரு."

ஊருக்கெல்லாம் தீவு சொன்னவளுக்குத் தனக்கு ஒன்று சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் என் மேஜைக்கு வந்தவர்கள்தான் இவர்கள்.

உப்புத் தண்ணீர்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கிற அண்ணாச்சி ஒருவர், மனைவியோடு மாலத்தீவுக்குப் போவதாக முடிவு செய்துகொண்டு வந்தார். முடிவு மனைவியுடையது. கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கிற மர வீடுகளின் படத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். அண்ணாச்சி மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

கடலில் குளித்த பிறகு நல்ல தண்ணீரில் எங்கே குளிப்பது என்பது அவர் கவலை. ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த உடம்புக்கு மற்றதெல்லாம் நனைவதுதான். குளியலறையில் ஷவர் இருக்கிறது என்றேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றார். அங்கே ஆறு கிடையாது, கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்துக் குழாயில் விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கடல்ல குளிச்சிட்டு, உப்புப் போக மறுபடியும் கடல்லயே குளிக்கச் சொல்லுதியளே டீச்சர்."

எந்த பஸ்

நாங்குநேரியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் தேனிலவுக்கு இடம் பார்க்க வந்தார்கள். கூடவே மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பெண்ணின் அம்மா, ஒரு சித்தப்பா. எங்கள் ஊரில் தேனிலவுக்கு ஆறு பேர் கூடித்தான் இடம் பார்ப்பார்கள். நாற்காலி போதாமல் சித்தப்பா படிக்கட்டில் நின்று கருத்துச் சொன்னார். பெண்ணும் பையனும் அந்தமானில் சின்னதாக ஒரு தீவை முன்பே பார்த்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

நான் வரைபடத்தை விரித்து, விமானம் இதுவரை, அப்புறம் இரண்டு மணி நேரம் கப்பல் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்ணின் அம்மா மட்டும் தீவைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. எங்கும் தரை தட்டவில்லை. கப்பல் தினமும் உண்டா, எத்தனை மணிக்கு என்றெல்லாம் பைய விசாரித்தார். சாயங்காலத்துக்குப் பிறகு கிடையாது என்றதும் முகம் மாறிவிட்டது. என் காதருகே குனிந்தார்.

"ரெண்டு பேருக்கும் சண்டைன்னா, எம்பொண்ணு எந்த பஸ்ஸு ஏறி வீட்டுக்கு வருவா?"

அவர் பார்த்த கடல்

சாகுல் பாயின் உறவில் ஒருவர் வளைகுடா நாட்டில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்க்கிறார். ஒரு மாத விடுப்பில் வந்தவரை மனைவி எங்கள் மாடிக்கு ஏற்றிவிட்டார். உட்கார்ந்ததும் அவர் கேட்டது பாபநாசம் பக்கம் ஒரு அறை. பதினோரு வருஷமாகக் காலையில் எழுந்தால் கடல், தூங்கப் போனாலும் கடல். ஆற்றில் காலைப் போட்டுக்கொண்டு நாலு நாள் சும்மா உட்கார வேண்டும் என்றார். நியாயம்தான். செல்வியிடம் அறை பார்க்கச் சொல்லத் திரும்பினேன்.

கூடவே ஏறி வந்திருந்த அவர் மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். செய்தித்தாளின் இணைப்பில் வந்த ஒரு தீவின் படம். மடித்து மடித்து மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எத்தனை வருஷமாக அந்தப் பையில் இருந்ததோ. கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார், இதைத்தானே தினமும் பார்க்கிறேன் என்று. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே அந்தப் பெண் பதில் சொன்னார்.

"அவுக பாத்த கடல் அவுகளுக்கு. நான் பாக்காத கடல் எனக்கு வேணும்லா."

என் பாஸ்போர்ட்

இதற்குள் சாகுல் பாய்க்கு என் விஷயம் தெரிந்துவிட்டது. உற்சாகமாகிவிட்டார். மாலத்தீவு சொன்னார், லங்காவி சொன்னார், இலங்கையில் கிழக்குக் கரை சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு குறை சொன்னேன். கடைசியில், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார்.

என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரரும் நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்புறம் அவர் போய்விட்டார். தனியாகப் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதை உமாவிடம் நான் சொன்னதில்லை. அம்மா வர மறுக்கிறாள் என்று அவள் நினைப்பதும், என்னால் வர முடியாது என்பதும் ஒன்றாகவே கலந்து கிடந்தன. செல்வி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். சாகுல் பாய் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"சைவக்காரங்க மீன் கடை வச்சு நடத்துன மாதிரில்லா இருக்கு டீச்சர்."

சத்தமில்லாத இடம்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாலு நண்பர்கள். முப்பது வருஷம் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதால் நாலு பேருக்கும் காது கொஞ்சம் மந்தம். அவர்கள் ரகசியம் பேசினால் கீழே டீக்கடையில் கேட்கும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தில் கழிந்தது, சத்தமே இல்லாத ஒரு தீவு வேண்டும். ஆரவாரமில்லாத ஒரு கரையாகப் பார்த்து, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இரண்டு அறை போட்டுக் கொடுத்தேன்.

போய் வந்ததும் நாலு பேரும் ஒன்றாக மாடி ஏறி வந்தார்கள். புகார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அந்த அறை அலைக்கு மிகப் பக்கமாம். விடிய விடிய ஒரே இரைச்சல், நிற்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல். மந்தக் காதுக்கும் கேட்டிருக்கிறது. வருத்தம் தெரிவிக்க வாயைத் திறந்தேன். அவர்களில் மூத்தவர் கையமர்த்தினார்.

"மில்லு ஓடுத மாதிரியே இருந்துச்சு டீச்சர். ரிட்டையர் ஆன பெறகு அன்னைக்குத்தான் நல்லா ஒறங்குனோம்."

அடுப்பு

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். மாசிக்குள் வராது என்று தெரிந்துவிட்டது. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்கும் நாள் போதாது. ஒரு மத்தியானம் துணிந்து ராமேஸ்வரம் என்று அறிவித்தேன். அதுவும் தீவுதானே. கடல் இருக்கிறது, உமா அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த மாதிரியும் ஆகும். செல்வி நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். அங்கே போனால் நான் உமாவோடு இருக்கமாட்டேன், தர்ப்பணம் செய்து வைக்கிற ஐயரோடும் தீர்த்தக் கிணறுகளோடும்தான் இருப்பேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம்தான்.

அப்புறம்தான் நாங்குநேரித் தம்பதி கடைசியில் போய் வந்த அதே அந்தமான் நீல் தீவு என்று முடிவாயிற்று. நாலு நாள் என்றால் நிஜத்தில் இரண்டரை நாள்தான். வரவும் போகவும் கப்பல் தின்றுவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொண்டபோதுதான் வலித்தது. விடுதிப் பட்டியலைச் செல்வி காட்டினாள். ஒன்றில் சின்னதாக ஒரு சமையல் மேடை இருந்தது. கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம். உமாவுக்குத் தேங்காய்ப்பால் சொதி பிடிக்கும். தேங்காய் அங்கேயும் கிடைக்கும். அந்த அறையையே போடு என்றேன். செல்வி என்னைப் பார்த்தாள். உமா போனில் சொன்ன முதுகு விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தது என் தப்பு. பட்டியலில் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"அடுப்பு இல்லாத ரூமாப் போடுதேன் டீச்சர். மத்தது எல்லாம் உங்க இஷ்டம்."

கடைசிக் கப்பல்

சென்னை விமான நிலையத்தில் உமாவைப் பார்த்தேன். முன்நெற்றியில் நரை. என் சாயல் இல்லை என்று சின்ன வயதில் சொல்வார்கள். நரை மட்டும் என்னுடையது. விமானத்தில் அவளுக்கு இந்தக் கதைகளைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாங்குநேரி அம்மாவின் கேள்விக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் விழித்துக்கொண்டார்.

தீவில் இறங்கிய அன்று சாயங்காலமே சண்டை வந்துவிட்டது. அதே வீடு, அதே பேச்சு. வீட்டைப் பூட்டிப் போட்டால் என்ன என்று அவள் கேட்க, நானும் பழைய வார்த்தைக்குப் பக்கத்தில் போய்விட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் விறுவிறுவென்று போனாள். போனில் சிக்னலும் இல்லை. அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அறையில் அடுப்பு இருந்திருந்தால் எதையாவது கிண்டிக்கொண்டு இருந்திருப்பேன். ஒன்றும் செய்யக் கிடைக்காமல் வாசல் படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். கடல் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது, நான்தான் விடவில்லை.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். கையில் இரண்டு இளநீர். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே மணலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, பாஸ்போர்ட் இல்லாததைச் சொன்னேன். விட்டுவிட்டுப் போனவள் என்று அன்றைக்குச் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அவள் இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. பிறகு படகுத்துறை இருந்த திசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த நாங்குநேரி அம்மா கேட்டது சரிதாம்மா. பஸ்ஸு மட்டும் இருந்திருந்தா நான் ஏறிப் போயிருப்பேன்."

இப்போதும் யாராவது தீவு கேட்டு வந்து உட்கார்ந்தால், எத்தனை நாள், எவ்வளவு பட்ஜெட் என்று கேட்டுவிட்டு, யாரோடு பேச்சு மிச்சம் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, கடலின் நிறத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.