பொட்டு வைத்த ஃபிளைவீல்

துணி துவைக்கும் மெஷின் இன்றும் தடதடவென்று குதித்துச் சுவரை முட்டுகிறது. இந்தச் சத்தம் கேட்டாலே அப்பாவின் பந்தயக் கார்தான் ஞாபகம் வந்து எரிச்சல் மூட்டும்.

1940-களில் ராசிபுரத்தில் அதை முந்த வண்டி கிடையாது. கிளட்ச் தேய்ந்ததும் மதராஸிலிருந்து புதுக் கிளட்சும், அதோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரமான ஃபிளைவீலும் வந்தன. இரண்டையும் சேர்த்துச் சுழற்றி எடையைச் சமன்செய்து, பூட்டும்போது நேராக வரவேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இரண்டையும் புளியும் சாம்பலும் போட்டு, இருந்த புள்ளிகளும் போகப் பளபளவென்று தேய்த்து, தோன்றிய இடத்தில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். சிவப்பைப் பார்த்துப் பூட்டச் சொல்லியிருந்ததால், ஃபிட்டரும் பொட்டுக்குப் பொட்டு நேராகப் பூட்டினார்.

பந்தயத்தன்று வேகம் ஏற ஏற கார் ஜன்னி கண்டதுபோல் உதறியது. அப்பா தோற்றுத் திரும்பினார். பிரித்துப் பார்த்த ஃபிட்டரின் விரலில் குங்குமம் ஒட்டியது.

“ஏனக்கா, பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலையா?” என்று அப்பா கத்தினார்.

“வெச்சதுனாலதான் சாமி, வெறும் ஆட்டத்தோட போச்சு. இல்லீனா வண்டி குடை சாஞ்சிருக்கும்” என்றார் அத்தை.

இதோ, “மெஷினுக்குக் கண்ணு பட்டிருக்குங்க மாமா” என்றபடி மருமகள் குங்குமச் சிமிழோடு போகிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?