டச் பெட்டியும் எதிர்க்குலவையும்

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்பக்கூட இடமில்லாத ஒரு தோட்டத்தில், கணேசமூர்த்தி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மைக்செட் மூர்த்தி என்று கேளுங்கள், நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு வீடு வரைக்கும் கூட்டிப் போவார்கள். மனிதர் பாதி ஆயுளை ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று கழித்தவர். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாணமோ, சடங்கோ, சாவோ, திருவிழாவோ, சவுக்கு மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மூன்று லயத்து வரிசை வீடுகளையும் எழுப்பிவிடுகிறாரே, அந்த ஒன்றுக்காகத்தான் அவருக்கு இந்தப் பெயர், இந்த மரியாதை எல்லாம்.

அந்த மரியாதையின் மேல் மூர்த்திக்குக் கொள்ளை ஆசை. சும்மா சொல்லக்கூடாது, அவருடைய இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்போம். நாள் முழுக்க மெசினுக்குக் குனிந்த தலை, மைக்கைப் பிடித்தால்தான் நிமிரும்.

ஆனால் காது போய்க்கொண்டிருந்தது.

முதலில் சாயங்கால வண்டுகளின் சத்தம் போயிற்று. "மருந்தடிச்சு மருந்தடிச்சு மலையில இருந்த வண்டெல்லாம் செத்துப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு குக்கர் விசில் போயிற்று, குருவிச் சத்தம் போயிற்று. கனமான சத்தமெல்லாம் கேட்கும். தப்பு மேளச் சத்தம், லொறிச் சத்தம், ஆம்பளைகளின் பேச்சு, தன்னுடைய தொண்டை, இவற்றில் குறை ஒன்றும் இல்லை. மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. ஸ்டோர் மெசின் பாதியைத் தின்றது, குழாய் ஸ்பீக்கர் மீதியைத் தின்றது.

மூர்த்தி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்தே சமாளித்தார். முகம் சுளித்தால் சத்தத்தைக் குறைப்பார், கை காதோரம் போனால் கூட்டுவார். போன வருடத் திருவிழாவில்தான் குட்டு வெளிப்படப் பார்த்தது. பூசாரி கண்ணை மூடி மந்திரம் சொல்கிறார், மைக் 'கீ' என்று கூவுகிறது, சனமெல்லாம் காதைப் பொத்துகிறது. நம்ம ஆள் தலையைக் குனிந்து, இலையில் கொடுத்த சுண்டலை ரசித்துத் தின்றுகொண்டிருக்கிறார்!

கோயில் தலைவர் ஆண்டியப்பன் அன்றைக்கே வந்து நின்றார்.

"மூர்த்தி, ஒன் செட்டு பழசாப் போச்சுப்பா. கொழும்புல வேல செய்ற நம்ம பயலுக சேந்து புதுசா ஏதோ பெட்டி வாங்கித் தாறேங்கிறானுக. அதையும் வச்சுப் பாப்போம். அதுக்கும் சரிவரலேன்னா, அடுத்த வருசம் ஹட்டன் செட்டுக்காரனக் கூப்புட வேண்டியதுதான். கோவிச்சுக்காத."

கோவிக்க என்ன இருக்கிறது? பழசானது செட்டு என்று தலைவர் நினைத்தாரே, அதுவே பெரிய புண்ணியம் என்று மூர்த்தி தலையை ஆட்டிவைத்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஹட்டன் செட்டு ஒரு தடவை வந்தால் பிறகு இவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

இந்த வருடம் மாசி பிறந்ததும் பெட்டி வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, கறுப்பு நிறம், முகம் முழுக்க விரல் பட்டால் வேலை செய்கிற டச் கண்ணாடி. மைக்குக்கும் பழைய அம்ப்ளிபயருக்கும் நடுவில் அதைப் பூட்டிக் கொடுக்க ஹட்டனிலிருந்து திலக்ஷன் என்ற வயர்மேன் வந்தான். சுவிட்ச் போட்டதும் கண்ணாடிக்குள் கம்பி நட்டதுபோல வரிசையாகக் கோடுகள். இடது ஓரக் கோடு தப்புக்கு எழும்பியது, நடுக்கோடுகள் பேச்சுக்கு எழும்பின, வலது பக்கத்துக் கோடுகள் மெல்லிய சத்தத்துக்கு எழும்பின. அளவோடு இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிஞ்சினால் சிவப்பு.

"மைக் கூவுச்சுன்னா ஒரு கோடு மட்டும் தனியா எழும்பி செவப்பா நிக்கும் அண்ணே. எறங்காது. அத விரலால தொட்டு அப்புடியே கீழ இழுத்துருங்க. கூவுறது நின்னுரும். வேற ஒண்ணும் யோசிக்க வேணாம்" என்றான் திலக்ஷன்.

மூர்த்தி மைக்கைக் குழாய் ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வலது பக்கத்தில் ஒரு கோடு விருட்டென்று எழும்பிச் சிவந்தது. அவர் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. திலக்ஷன் முகத்தைச் சுளித்தான். மூர்த்தி விரலை வைத்து இழுத்தார், கோடு அடங்கியது, திலக்ஷனின் முகமும் தெளிந்தது. அடேயப்பா! காது செய்ய வேண்டிய வேலையைக் கண்ணே செய்கிறது! மனிதருக்கு அன்று தலைகால் புரியவில்லை. திலக்ஷன் போனபிறகு அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி நாகலெட்சுமியும் ஆசைப்பட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் கொழுந்து பறிக்கிறவள். விரல் நுனியெல்லாம் காய்த்து, வெடித்து, கறை ஏறிப் போயிருந்தது. எத்தனை தரம் அழுத்தினாலும் பெட்டி அசையவில்லை.

"இங்க பாருங்க, என் வெரல மனுச வெரலாவே எண்ண மாட்டேங்குது இந்தச் சனியன்" என்று அவள் சிரித்தாள்.

"அதுக்கு ஆள் தெரியும் புள்ள" என்று மூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

திருவிழா வந்தது. அந்தத் தோட்டத்துத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் மேக்கணக்குக்காரர்களுக்கும் கீக்கணக்குக்காரர்களுக்கும், அதாவது மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும், கரகம் யாருடையது என்று மண்டை உடைகிற சண்டை. கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு கட்டினார்கள். கோயில் கீக்கணக்கில் இருக்கட்டும், கரகத்தைப் பூ வைத்துச் சோடித்துப் பாலிப்பதும் கீக்கணக்கு ஆற்றங்கரையில் நடக்கட்டும். ஆனால் கரகம் தலையில் ஏறியதும் இங்கே பெண்கள் குலவை போட வேண்டும். அதைக் கேட்டு மேக்கணக்குப் பெண்கள் எதிர்க்குலவை போட வேண்டும். அந்தக் குலவை வந்த பிறகுதான் கரகம் அடி எடுத்து வைக்கும். வராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். நடுவில் ஒரு மலை மூக்கு மறைப்பதால் ஆற்றங்கரையில் போடும் குலவை தானாக மேலே போய்ச் சேராது. மூர்த்தியின் குழாய் ஸ்பீக்கர்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எதிர்க்குலவை மேட்டிலிருந்து இறங்கி வருவதால் அதற்கு மைக் வேண்டியதில்லை.

அன்று பின்னேரம் லேசாக மிஸ்ட் மூட்டம் இறங்கியிருந்தது. கோயில் மண்டபத்து ஓரத்தில் மேசை போட்டு, பெட்டியைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு மூர்த்தி உட்கார்ந்திருந்தார். கீழே ஆற்றங்கரை நன்றாகத் தெரிந்தது. அங்கே ஒரு மைக், மேசையில் அவருடைய கைமைக். காலையிலிருந்து ஒரு தடவை கூட மைக் கூவவில்லை. ஆண்டியப்பன் போகிற போக்கில் முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார். மூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைமைக்கை எடுத்து, "பக்த அடியார்களே, அம்மன் கரகம் ஆயத்தமாகுது, எல்லாரும் அமைதியா இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு மேசையில் வைத்தார். அணைக்க மறந்துவிட்டார்.

தப்பு உச்சத்துக்கு ஏறியது. பூசாரி கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். அந்த நேரத்தில் கண்ணாடியின் வலது பக்கத்தில் ஒரு கோடு சட்டென்று எழும்பிச் சிவந்து நின்றது. இறங்கவில்லை.

மூர்த்தி பதறவே இல்லை. விரலை வைத்து இழுத்தார். அது மறுபடி முண்டியது. மறுபடி இழுத்தார், அடிமட்டத்துக்கே இழுத்துவிட்டார். பக்கத்துக் கோடுகளும் சிவக்க, அவற்றையும் அமுக்கினார். மைக்கைக் கூவவிடாமல் பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

பிளேன்டீ கொண்டுவந்த நாகலெட்சுமி கோப்பையோடு அப்படியே நின்றாள். மரத்து உச்சியைப் பார்த்தாள், ஆற்றங்கரையைப் பார்த்தாள். குழாயில் தப்புச் சத்தம் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது.

"என்னாங்க செய்றீங்க? கொலவ போகலீங்க குழாயில!" என்று கத்தினாள்.

குழாயை நிறைத்த தப்புச் சத்தத்தில் அவருக்கு அவள் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. "கூவுது புள்ள, அமுக்குறேன்ல, சும்மா இரு!"

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணாடியில் விரலைக் குத்தினாள். அழுத்தினாள், தேய்த்தாள், மேலே தள்ளினாள். அவளுடைய காய்த்த விரலுக்குப் பெட்டி ஒரு இம்மியும் அசையவில்லை.

கீழே கரகம் நின்ற இடத்திலேயே நின்றது, தப்பும் ஓய்ந்தது. ஆண்டியப்பன் மரத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். மேட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. "வேணும்னே வாய மூடிக்கிட்டு இருக்காளுக பாரு மேக்கணக்காளுக" என்று யாரோ சொல்லியும் விட்டார்கள். பழைய சண்டை எங்கேயோ ஒரு மூலையில் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அப்போதுதான் மூர்த்தி பழைய பழக்கத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்தார். ஒருவர் கூடக் காதைப் பொத்தவில்லை. மைக் கூவினால் பொத்துவார்களே! எல்லோரும் மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் பெண்கள் வாயோரம் கையை வைத்து நின்றார்கள். வாய்க்குள் நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. அமுக்கியது கூவலையா, குலவையையா? கோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கோட்டைத் தூக்கிவிட்டு, அது மெய்யாகவே கூவலாக இருந்தால் அம்மன் கரகத்துக்கு முன்னால் குழாய் வீரிடும், போன வருடத்துக் கதைதான். தூக்காமல் விட்டால் கரகம் நிற்கும். காது இருக்கிறவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டால் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது எல்லாம் போயிற்று.

கரகத்தைப் பார்த்தார். நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தார். கேட்டுவிட்டார்.

"இப்ப கொலவ போடுறாங்களா புள்ள? எனக்குக் கேக்கல."

மெதுவாகக் கேட்டதாகத்தான் அவர் நினைப்பு. மெசினுக்குப் பக்கத்தில் பேசிப் பழகியவர்களுக்குத் தங்கள் மெதுவான பேச்சு எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரியாது. போதாக்குறைக்குக் கைமைக் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் கிடந்தது. கேள்வி சவுக்கு மரத்தில் ஏறி, மலை மூக்கைத் தாண்டி, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. '...கேக்கல.'

"போடுறாங்க, போடுறாங்க! நீங்கதான் அமுக்கிப்புட்டீங்க!" என்று நாகலெட்சுமி போட்ட கூச்சலும் பின்னாலேயே போயிற்று.

மண்டபமே கொல்லென்று சிரித்தது. மூர்த்தி விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு மேலே தூக்கினார். குலவை குழாயில் ஏறியது. ஆனால் அதற்கும் முன்னாலேயே மேக்கணக்கு முந்திக்கொண்டது. மேலே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கு மூர்த்தியின் கேள்வியும் அவர் பெண்டாட்டியின் பதிலுமே போதுமாயிருந்தது. சிரித்துக்கொண்டே அவர்கள் போட்ட குலவை மேட்டிலிருந்து இறங்கியது.

சிரித்த சனம் திடீரென்று கும்பிட்டது. மூர்த்தி நாகலெட்சுமியைப் பார்த்தார்.

"மேக்கணக்கா?"

"ஆமாங்க. வந்துருச்சு."

கரகம் அடி எடுத்து வைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு மூர்த்தி பெட்டியை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஆண்டியப்பனிடம் நீட்டினார்.

"தலைவரே, எனக்குக் காது சரியில்ல. ரொம்ப நாளாவே இல்ல. போன வருசம் கூவுனதும் செட்டு இல்ல, நான்தான். ஹட்டன்காரனுக்கே குடுத்துருங்க."

ஆண்டியப்பன் சாவியை வாங்கவில்லை. "நாளைக்குத் தேர் இருக்கு மூர்த்தி. இந்நேரத்துக்கு ஹட்டன்காரன எங்க போய்த் தேடுறது? போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் மூர்த்தி சுவரைப் பார்த்துப் படுத்தார். நாகலெட்சுமி அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"குக்கரு விசிலடிச்சு விசிலடிச்சு சோறு கரிஞ்சுச்சே, அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா ஊருக்கே சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

மறுநாள் தேர். மூர்த்தியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நாகலெட்சுமியை உட்கார வைத்திருந்தார் தலைவர். கோயிலுக்கு வருகிற வழிநெடுகக் கேலி. "என்ன மாமா, கொலவ போடுறாங்களா?" என்று கேட்காத வாய் இல்லை. மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர் புறப்படும் நேரம் வந்தது. தேரும் கரகம் மாதிரித்தான், மேக்கணக்குக் குலவை வராமல் நகராது. ஆற்றங்கரைப் பெண்கள் இப்போது தேர்முட்டியில் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் நின்றவள் வாயில் கையை வைக்கப் போனவள், நின்று, மண்டபத்துப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"மூர்த்தியண்ணே! போடப் போறோம்!"

அவர் விரலைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். கோடு எழும்பியது, சிவந்தது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். எல்லோரும் மேட்டைப் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். மேக்கணக்கு லயத்துக்குக் கீழே, பாறை மேட்டில், யாரோ ஒரு பெண் மஞ்சள் சேலை ஒன்றை இரண்டு கையாலும் விரித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத் திருவிழாவில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை.

"அது யாருக்குக் காட்டுறா?" என்றார் மூர்த்தி.

"யாருக்குக் காட்டுவா? உங்களுக்குத்தான்" என்றாள் நாகலெட்சுமி. "கொலவ வருதுங்க."

மூர்த்தி எழுந்து நின்று, மேட்டைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தேர் நகர்ந்தது.