நல்ல நாளுக்கு வைத்த ஷூ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. ஏற்றுமதிக்குப் போகும் ஜோடிகளில் ஒரு தையல் விலகியிருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியதைப் பண்டிகைக்கு முன்னால் ஆட்களுக்கே மலிவாகக் கொடுப்பார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் என் மனைவிக்கு அப்படி ஒரு பழுப்பு ஷூ வாங்கிவந்தேன்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். "கிறிஸ்மஸுக்கு சர்ச்சுக்குப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வாசல்ல கழட்டித்தான வைக்கணும், எவனாவது தூக்கினு போய்டுவான். நல்ல நாளா பாத்துப் போட்டுக்கலாம்" என்றேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. மாடி கட்டுவோம் என்று மொட்டைமாடியில் விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. இன்றைக்கு அனுபவிக்க எனக்குக் கை வராது. நாளைக்கு என்றால் எதையும் எடுத்துவைப்பேன். அதைப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அரக்கோணத்தில் அவள் தம்பி கல்யாணம் வந்தது. கேட்டாள். "ரயில் கூட்டத்துல மிதிச்சி நாசமாக்கிடுவானுங்க" என்றேன். எங்கள் கல்யாண நாளுக்குக் கேட்டாள். "பொண்ணு பட்டம் வாங்குற அன்னிக்கு ஜோரா போட்டுனு வா" என்றேன். பிறகு அவள் கேட்கவேயில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்த நாள் வந்தது. வேலூரில் மகளின் பட்டமளிப்பு விழா. நானே பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஷூவைத் துடைத்து அவள் காலடியில் வைத்தேன். தோல் புதுசு மாதிரி பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்து நாலு எட்டு வைத்திருப்போம். பளிங்குத் தரையில் அவள் நடந்த வழியெல்லாம் கறுப்பாகத் தூள். ஷூவின் சோல் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. "இன்னாம்மா, கால்லருந்து இன்னா கொட்டுது?" என்று பின்னால் வந்த ஒரு அம்மா உரக்கக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி குனிந்து ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு போய் உட்கார்ந்தாள். மகள் மேடையேறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் இரண்டு கையிலும் ஷூ இருந்தது.

கூனிக்குறுகிப் போனேன். அந்த வகை சோல், ஷூவைப் போட்டு நடந்தால்தான் உழைக்கும். பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போகும். கம்பெனியில் கூட்டுகிறவர்களுக்குக்கூட இது தெரியும். பழைய சரக்கைத் தேக்கிவைத்ததற்காக குடோன் ஆட்களிடம் நானே கத்தியிருக்கிறேன். என் வீட்டுப் பரணில் இருப்பதும் அதே சோல்தான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு அக்கறையாக எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டோரக் கடையில் அவளுக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. முன் சீட்டைப் பார்த்தபடியே, "நாளைக்கே கடைக்குப் போய் புதுசு வாங்கலாம். அங்கேயே போட்டுனு வந்துடு" என்றேன்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"வேணாங்க. அப்ப ஆசையா இருந்துச்சி. இப்ப இல்ல."