கட்டைவிரலுக்கு விடுமுறை

மூவாரில் நடந்த ஒரு கல்யாணத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நான் கரண்டி கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் சாம்பார் வாளியோடு வந்த பையன், கேட்கக் கூடாத விஷயத்தைக் கேட்டுவிட்டவன் போல அப்படியே நின்றான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்னா, ஜேபி டவுன்காரங்க எல்லாம் இப்பக் கரண்டியிலதான் சாப்புடுறீங்களா?"

"கை வலிக்குது அண்ணி."

"சாப்புடுற கை கூடவா வலிக்கும்?"

வலித்தது. சோற்றைப் பிசைவதும் கூட்டுவதும் நான்கு விரல்கள். அதை வாய்க்குள் தள்ளிவிடுவது கட்டைவிரல். தள்ளும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீர் என்று ஒரு வலி ஏறியது. ரசம் சாதம் பாதி வாயிலும் பாதி மடியிலுமாக விழுந்த பிறகுதான் கரண்டி கேட்டேன். பாயசம் வருவதற்குள் நான் தலைக்கனம் பிடித்தவள் என்ற செய்தி கடைசிப் பந்தி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. கையால் ஒரு வாய் சோறு சாப்பிட முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

விரலைக் கெடுத்தது என் உத்தியோகம். பாசிர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், எங்கள் ஆபீஸ் இருக்கிறது. கப்பலில் வரும் பெட்டிகளுக்குச் சுங்கக் காகிதங்களை முடித்து லாரியில் ஏற்றி அனுப்பும் தொழில். அதற்கான கடிதங்களை நாள் முழுக்க டைப் அடிப்பது நான். என் வீட்டார் இன்னும் தோட்டத்துப் பழக்கத்தில் குமாஸ்தா உத்தியோகமான அதைக் 'கிராணி வேலை' என்பார்கள். நாற்காலி, குளுகுளு அறை, வெயில் படாத சம்பளம். அதில் கை வலி என்றால் யார் நம்புவார்கள்? கம்பெனி கிளினிக்கின் டாக்டர் நம்பினார். கட்டைவிரலின் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்.

"ஒண்ணு ரெஸ்ட் குடுங்க, இல்லாட்டி வேலை செய்யிற விதத்தை மாத்துங்க. ரெண்டும் இல்லன்னா அப்புறம் வெட்டித்தான் சரி பண்ணணும்."

ரெஸ்ட் கொடுக்க வழியில்லை. கப்பல்கள் என் கட்டைவிரலைக் கேட்டுக்கொண்டு கரைக்கு வருவதில்லை. எனவே விதத்தை மாற்ற உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக என் விரல்களையே வேவு பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இடைவெளி விடுவதற்கு விசைப்பலகையின் அடியில் இருக்கும் அந்த நீளமான கட்டையைத் தட்டியது என் வலது கட்டைவிரல் ஒன்றுதான். இடது கட்டைவிரல் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பக்கத்தில் சும்மா இருந்தது. சரி, நீ தட்டு என்று அதனிடம் ஒப்படைத்தேன். முடியவில்லை. பழைய வேலைக்காரன் போல வலதுதான் முந்திக்கொண்டு ஓடியது. இத்தனை வருடப் பழக்கத்தைப் புத்தி சொல்லித் திருத்த முடியாது, வேலையையே பிடுங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

ஒரு விசையின் வேலையை இன்னொரு விசைக்கு மாற்றிவிடும் சின்ன மென்பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிசாங் கோரெங் என்னும் வாழைப்பழ பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். இடது ஓரத்தில் கேப்ஸ் லாக் என்று ஒரு விசை இருக்கிறது. பெரிய எழுத்திலேயே திட்டி எழுதும் கோபக்காரர்களைத் தவிர யாருக்கும் பயன்படாதது. இடைவெளி விடும் வேலையை அதற்குக் கொடுத்தேன். அந்த நீளமான கட்டையைச் செயலிழக்கச் செய்தேன். இனி அதை எப்படித் தட்டினாலும் திரையில் ஒன்றும் நடக்காது. வலது கட்டைவிரல் சில நாட்கள் ஏமாந்து ஏமாந்து தட்டிப் பார்த்துவிட்டு, ரோஷம் வந்ததுபோல் நிறுத்திக்கொண்டது.

அதோடு விட்டிருக்கலாம். ருசி கண்ட பூனை விடுமா? நாள் முழுக்க நான் எழுதும் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தவை நான்கே வாக்கியங்கள். தங்கள் மடல் கிடைத்தது. கப்பல் தாமதம். தயவுசெய்து காகிதத்தை அனுப்பவும். தாமதத்துக்கு வருந்துகிறோம். இந்த நான்கைத்தான் இத்தனை காலமும் எழுத்தெழுத்தாக, ஏதோ புதிதாகத் தோன்றியதுபோல அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேல்வரிசையில் சும்மா இருந்த நான்கு விசைகளுக்கு ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும். வருத்தம் தெரிவிக்கும் விசையில்தான் எழுத்து முதலில் தேய்ந்தது. எங்கள் தொழில் அப்படி.

ஒரு மாதத்தில் வலி பாதியானது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அன்றைய வேலை முடிந்தது. என் மேசையில் அமைதி நிலவியது. வினையே அந்த அமைதிதான்.

எங்கள் பாஸ் லாரிக் கிளீனராக ஆரம்பித்துச் சொந்தமாக லாரிகள் வாங்கியவர். அவர் அறைக்கும் எங்கள் மேசைகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் எங்களைப் பார்ப்பதில்லை, கேட்பார். "எஞ்சின் சத்தம் நின்னா லாரி நிக்குதுன்னு அர்த்தம்" என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. அதன்படி ஆபீஸில் மிகச் சிறந்த ஊழியர் என் பக்கத்து மேசை அண்ணன். இரண்டே விரல்களால், எலியை அடிப்பதுபோல் அடிப்பார். நிறைகுடம் தளும்பாது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் தளும்பாத குடத்தில் தண்ணீரே இல்லை என்று பொருள்.

ஒருநாள் மத்தியானம் பாஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் ஒரு மாதிரி சிவந்து, கடுகடுவென்று இருந்தது.

"ஏம்மா, லைன் டவுனா?"

"இல்ல பாஸ். வேலை முடிஞ்சிருச்சு."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஆபீஸ் திறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

"முடிஞ்சிருச்சுன்னா?"

"எல்லாம் அனுப்பியாச்சு பாஸ். வேணும்னா பாருங்க."

அவர் பார்க்கவில்லை. பார்ப்பது அவர் வழக்கமில்லையே. என் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்து அண்ணன் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்கு இங்க வேலை பத்தல. யார்டுல கேட் கிராணி வேலைய விட்டு நிக்கிறாரு, வயசாயிருச்சு. அடுத்த மாசம் நீங்க அங்க போலாம்."

யார்டு என்பது கண்டெய்னர்கள் நுழையும் வாசல். ஒவ்வொரு லாரிக்கும் மூன்று நகல் சீட்டு, நடுவே கார்பன் தாள். மூன்றாவது நகலிலும் எழுத்து விழ வேண்டுமென்றால் பேனாவைக் கட்டைவிரலால் அழுத்தி எழுத வேண்டும், காலையிலிருந்து மாலை வரை. மாதக்கணக்கில் நான் காப்பாற்றிய விரலை அங்கே ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு கரண்டிதான், ஆயுசுக்கும்.

டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதையும் யோசித்தேன். கை வலிக்கிறது என்று நான் சொன்னால், "வேலையே இல்லாம எப்படி வலிக்குது?" என்று பாஸ் கேட்பார். அதற்குப் பதில் எந்த டாக்டரிடமும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அண்ணனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறைக்க முறைக்க ஒன்று கண்ணில் பட்டது. அவர் அடித்ததில் பாதி, அடித்ததை அழிக்கும் அடி. தப்பாக ஒன்று அடிப்பார், தடதடவென்று அழிப்பார், மறுபடி அதே தப்பை அடிப்பார். போகும்போதும் வரும்போதும் சத்தம். மனிதர் அதில்தான் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை ஜேபியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் கேம் ஆடும் பிள்ளைகள் வாங்கும் விசைப்பலகைகளாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரப் பையன், ஆபீஸுக்கு என்றதும், சத்தமில்லாத ஒன்றைப் பெருமையாக நீட்டினான். இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடுவது எது என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது பகையா என்பதுபோல் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தான். தட்டிப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இருந்தது. இதுதான் வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை கச்சேரி ஆரம்பமானது. கேப்ஸ் லாக்கும் நான்கு வாக்கிய விசைகளும் பழையபடி வேலையைக் காலையிலேயே முடித்துக் கொடுத்தன. செயலிழந்த அந்த நீளக் கட்டைக்கு இப்போதுதான் ஒரு உத்தியோகம் கிடைத்தது. இடது உள்ளங்கையால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழாது. அறை முழுக்கச் சத்தம். வலது கை மடியில் ஓய்வெடுக்கும். அந்த வாரம் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. வாரக் கடைசியில் பாஸ் வெளியே வந்து, நன்றாக இளைப்பாறியவர் போல் சோம்பல் முறித்தார்.

"இப்பத்தான் ஆபீஸ் ஆபீஸ் மாதிரி இருக்கு. யார்டுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

எனக்கு நெஞ்சு லேசானது. அதே நேரம், நான் உண்மையாக வேலை செய்தபோது கிடைக்காத பாராட்டு, ஒன்றும் எழுதாத ஒரு கட்டைக்குக் கிடைத்ததில் வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்து அண்ணன் விவரமானவர். என் கை தட்டுவதையும் திரை அசையாமல் இருப்பதையும் இரண்டு மூன்று நாட்கள் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இவ்ளோ அடிக்கிறீங்க, ஒண்ணும் விழ மாட்டேங்குதே."

"விழக்கூடாதுன்னுதான் அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. தன் இரண்டு விரல்களையும் விரித்து மடக்கிப் பார்த்தார்.

"அலமாக். நான் அடிச்சு அடிச்சு அழிச்சிட்டு இருக்கேன். எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க லா."

போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் ஒரு தொழிற்சாலை போல ஒலித்தது. வாடிக்கையாளர்கள் போனில் கேட்டுவிட்டு, ரொம்ப பிஸி போலிருக்கிறதே என்று மன்னிப்புக் கேட்டார்கள். ஒன்றுதான் குறை. தட்டித் தட்டி என் இடது உள்ளங்கை சிவந்து காந்த ஆரம்பித்தது. போகட்டும், சோறு சாப்பிடும் கை அதுவல்ல என்று பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பாஸின் மகளுக்குக் கல்யாணம். மாசாயில் மண்டபம், வாழையிலைச் சாப்பாடு. ரசம் வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் சோற்றில் குழி செய்து ரசத்தை வாங்கி, ஐந்து விரல்களாலும் பிசைந்தேன். கட்டைவிரல் தள்ளியது. வலிக்கவில்லை. ஒரு பருக்கைகூட மடியில் விழவில்லை. அந்த ஒரு வாய் ரசம் சாதத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண் கலங்கியது, மிளகுதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

பாஸ் சம்பந்தியை அழைத்துக்கொண்டு இலை இலையாக விசாரித்து வந்தார். என் இலைக்கு முன்னால் நின்றார்.

"இவங்கதான் நம்ம ஆபீஸ்ல டைப் அடிக்கிறவங்க. இவங்க கைய விட்டா எனக்கு ஆபீஸே ஓடாது."

சம்பந்தி என் வலது கையை மரியாதையோடு பார்த்தார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ்ளோ வேலையா?" என்றார் சம்பந்தி.

"வேலை கெடக்கட்டும். மத்தியானம் சாப்புட்டுட்டு உள்ள சாஞ்சேன்னா, இவங்க தட்டுற சத்தத்துலதான் எனக்குத் தூக்கம் வரும். நடுவுல கொஞ்ச நாள் இவங்க சத்தத்தயே காணோம். அலமாக், பொட்டுத் தூக்கம் இல்ல. அந்தக் கோவத்துல இவங்கள யார்டுக்கே அனுப்பப் பாத்தேன்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை மட்டும் பிசைவதை நிறுத்தவில்லை. உள்ளே கொதித்தது. என் கட்டைவிரல் கத்திக்குப் போகப் பார்த்தது கப்பலுக்காகவும் அல்ல, காகிதத்துக்காகவும் அல்ல, ஒரு மனிதரின் மத்தியானத் தூக்கத்துக்காக.

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லவாம்மா?"

"ஊத்தச் சொல்லுங்க பாஸ்."

திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கட்டையை ஓங்கித் தட்டுவதில்லை. தொட்டில் ஆட்டும் வேகத்தில் மெதுவாகத் தட்டுகிறேன். தடுப்புக்கு அப்பால் குறட்டை கேட்டதும் நிறுத்திவிட்டு நானும் அண்ணனும் கோப்பி குடிக்கப் போகிறோம். இடது கை வலியும் இப்போது இல்லை.