ஸ்டெல்லா சிஸ்டரும் ஆயிரம் கடின வார்த்தைகளும்

1. மஞ்சள் புத்தகம்

மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் நகரத்தில், தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வது எங்கள் தொழில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கரமனை அக்ரகாரத்துப் பெண், எம்.ஏ. ஆங்கிலம், வாய் கொஞ்சம் நீளம். வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி சிதம்பரம் சார் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார். ஆயிரம் கடினமான ஆங்கில வார்த்தைகள், அவரே தொகுத்தது.

"மீனா, இதாக்கும் நம்ம சென்டரோட உயிர். பிள்ளைங்க தினம் மனப்பாடம் பண்ணணும். மனசிலாச்சா?"

புரட்டினேன். 'போர்போரிக்மஸ்' என்று ஒரு வார்த்தை. வயிறு கடமுடவென்று இரைவதற்கு அப்படி ஒரு பெயராம். எந்த நோயாளி நர்ஸைக் கூப்பிட்டு, 'சிஸ்டர், எனக்குப் போர்போரிக்மஸ்' என்று சொல்லப்போகிறான்? ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கு இந்த மாதிரி வார்த்தைகள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. பின்பக்கங்களில் குழப்பும் ஜோடிகள். ஹைப்பர்டென்ஷன், ஹைப்போடென்ஷன். ஒன்று ரத்த அழுத்தம் ஏறுவது, இன்னொன்று இறங்குவது. கன்டினுவஸ், கன்டினுவல். விடாமல் வலித்தால் ஒன்று, விட்டுவிட்டு வலித்தால் மற்றது. அன்று மதியம் சாப்பாட்டையும் மறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

2. வார்டு இன்சார்ஜ்

ஸ்டெல்லா சிஸ்டர் பாறசாலைக்காரர். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் இளம் நர்சுகள் தங்களை அறியாமல் எழுந்து நிற்பார்கள். வயதில் என் சித்திக்குச் சமம். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தது. எழுத்து, வாசிப்பு, கேட்டுப் புரிவது எல்லாம் பாஸ். பேச்சில் மட்டும் இரண்டு தடவை பெயில்.

"இன்னொரு தடவை போச்சுன்னா அவங்க வேற ஆளைப் பாத்துக்கிடுவாங்க, டீச்சர். நாப்பத்திமூணு வயசுக்காரியை இனி யாரு கூப்பிடப் போறா?" என்றார். அந்தக் கம்பீரமான முகம் அப்போது வாடிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சுத் தேர்வில் தேர்வாளர் நோயாளியாக நடிப்பார், நர்ஸ் அவரிடம் பேச வேண்டும். நான் நோயாளியாக உட்கார்ந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் விறைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மூச்சு முட்டுகிறதா என்பதற்கு 'டிஸ்னியா' உண்டா என்றார். அரிக்கிறதா என்பதற்கு 'ப்ரூரைட்டஸ்' உண்டா என்றார். ஒரு வார்த்தை தப்பில்லை, உச்சரிப்பும் சுத்தம். ஆனால் நோயாளியாக உட்கார்ந்திருந்த எனக்குப் பயம்தான் கூடியது.

சிதம்பரம் சாரிடம் போய், "இவங்களுக்கு மட்டும் அந்தப் புஸ்தகத்தை மூடி வெச்சுடலாம், சார்" என்றேன்.

"படிச்சும் பெயிலானா, இன்னும் படிக்கலைன்னுதானே அர்த்தம்? நானே ரெண்டாயிரம் ஆக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"வார்த்தை கூடிப்போனதுதான் சார் அவங்களுக்குச் சீக்கு."

"சரி, உன் இஷ்டம். தோத்துப்போனா அவங்ககிட்ட பதில் நீதான் சொல்லணும், கேட்டோ" என்று கையைக் கழுவிவிட்டார்.

3. நாற்காலியை மாற்றினேன்

மறுநாள், "சிஸ்டர், இன்னிக்கு நீங்க நோயாளி. நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன். நான் நர்ஸ்" என்றேன். உட்கார வைத்து, மஞ்சள் புத்தகத்தில் இருந்த அத்தனையையும் அவர் தலையில் கொட்டினேன். குமட்டல், மயக்கம், பட்டினி எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். பாதியிலேயே மேஜையைத் தட்டினார்.

"நிறுத்துங்க டீச்சர்! ஆபரேஷனுக்கு முன்ன ஒரு மனுஷன்கிட்ட இப்படியா பேசுவாங்க? எனக்க வார்டுல ஒரு பிள்ளை இப்படிப் பேசினா அன்னைக்கே வெளியே நிறுத்திருவேன், கேட்டீளா!"

"அப்போ நீங்க எப்படிப் பேசுவேள்? தமிழ்லயே சொல்லுங்கோ."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலே மாறிவிட்டது. "பயப்படாதீங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது, தண்ணியும் கூடாது. முழிச்ச உடனே கொஞ்சம் குமட்டும், அது தானா சரியாயிரும். நான் இங்கதான் இருப்பேன்."

"இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்கோ."

"இத்தனை சின்ன வார்த்தையிலயா? மார்க்கு குறைச்சிர மாட்டாங்களா?"

"சொல்லிப் பாருங்கோ."

சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள்தான். இந்த அம்மாள் பக்கத்தில் இருந்தால் எந்த ஆபரேஷனுக்கும் போகலாம் என்று தோன்றியது.

அதன்பிறகு தினமும் நாற்காலி மாற்றி உட்கார்ந்து பேசினோம். மஞ்சள் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. டாக்டர் சொல்வதும் சார்ட்டில் இருப்பதும் புரிய அது வேண்டும். ஹைப்பரையும் ஹைப்போவையும் குழப்பினால் உயிர் போகும். ஆனால் அவை காதுக்கான வார்த்தைகள், வாய்க்கானவை அல்ல. புத்தகத்தில் இல்லாத, அயர்லாந்து நோயாளிகள் பேசும் வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டோம். சிறுநீர்க் கோளாறை அங்கே வயசானவர்கள் 'வாட்டர்வொர்க்ஸ்' தொந்தரவு என்பார்கள் என்றதும் சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "குழாயில தண்ணி வரலைன்னா நாம போன் பண்ணுற ஆபீஸ் அல்லே அது!"

4. ரிசல்ட்

ரிசல்ட் வந்த அன்று டியூட்டி முடிந்து நேராக எங்கள் சென்டருக்கு வந்தார். நீங்களே பாருங்க என்று போனை என்னிடம் கொடுத்தார். பேச்சில் முதல் தரம். நான் போட்ட கூச்சலில் கீழே ஆட்டோக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். சிதம்பரம் சார் லட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டு, "பாத்தியா, நம்ம புக்கு கைவிடலை" என்றார்.

"நல்ல புக்குதான் சாரே" என்றார் சிஸ்டர். "டாக்டர்மாருக்குக் குடுங்க."

இன்றைக்கு நான் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: மாணவருக்கு வார்த்தை கற்றுக்கொடுக்கும்முன், அதை யாரிடம் சொல்லப்போகிறார் என்று கேளுங்கள். அந்த ஆளின் நாற்காலியில் ஒரு தடவை அவரை உட்கார வையுங்கள்.

அயர்லாந்து போன சில வாரத்தில் சிஸ்டர் போன் செய்தார். வார்டில் நெஞ்சுவலியோடு ஒரு முதியவர். டாக்டர் வந்து பெரிய பெரிய வார்த்தைகளில் விளக்கிவிட்டுப் போனாராம். மனிதர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா டீச்சர்? 'அப்பாடா, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தியாவது இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாளே'ன்னாரு!"