மின்மினியின் இருட்டு வேலை

மின்மினி என்று அவளுக்குப் பெயர் வைத்தது தெருதான். இருட்டில் ஒளிரும் சட்டை, தலைப்பட்டை, கைவளையம், ஷூ கயிறு என்று பார்ட்டிக்குப் போகிறவர்களுக்குச் செய்து கொடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. வாங்க வருகிறவர்களிடம்தான் உயிர் போனது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் தலைப்பட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "இது எரியவே இல்லயே" என்பார் ஒருவர். "பேட்டரி எங்கக்கா போடணும்?" என்பார் இன்னொருவர். முதலில் வெளிச்சத்தில் காட்டினால்தான் பிறகு இருட்டில் ஒளிரும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

வேலையும் பாடாய்ப்படுத்தும் வேலை. ஒளிர்கிற பொடியைப் பசையில் குழைத்து வெள்ளைத் துணியில் பூசினால் பகலில் ஒன்றுமே தெரியாது. கோடு நேராக விழுந்ததா என்று பார்க்க இருட்டு வேண்டும். தைக்கிற அறைக்கோ இரண்டு ஜன்னல். எத்தனை திரை போட்டாலும் வெளிச்சம் எங்கிருந்தாவது நுழைந்துவிடும். அதனால் சட்டையைக் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் விரித்து வைத்துவிட்டு, அதோடு கட்டிலில் ஏறிக் கனத்த கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும்போதெல்லாம், வியர்த்து வழிந்து, தலை கலைந்து, கம்பளியிலிருந்துதான் எழுந்து வருவாள்.

"பட்டப்பகல்ல இப்படித் தூங்கினா குடும்பம் வெளங்குமா?"

"தூங்கலக்கா, வேலை பாத்துக்கிட்டிருந்தேன்."

"போர்வைக்குள்ள என்ன வேலை?"

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அதன்பிறகு மின்மினி விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டாள்.

இதெல்லாம் போதாதென்று அவள் கணவர். அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் அவருடைய வலது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். வெளியே போனால் அந்தக் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். வீட்டுக்குள் மட்டும் வெளியே வரும், அவளுக்கு உதவி செய்ய. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். ஷூ கயிறு வெட்டித் தருகிறேன் என்று அத்தனையையும் குட்டையாக வெட்டி வைத்தார். ஒளி வீணாகக் கூடாது என்று கைவளையங்களைக் கறுப்புப் பையில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பார்ட்டியில் ஒன்றும் ஒளிரவில்லை, வசவு முழுக்க அவளுக்கு. உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருந்தால் போதும் என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

அப்போதுதான் டான்ஸ் டீச்சர் வந்தார். மேடையில் விளக்கை அணைத்துவிட்டு ஆடும் ஆட்டத்துக்கு எட்டு வெள்ளைச் சட்டைகள் வேண்டும். சரியாக அமைந்தால் குழுவின் தையல் முழுவதும் இனி அவளுக்கே. பேட்டரி கேட்கிறவர்களுக்கெல்லாம் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம். அன்றைக்கே மின்மினி முடிவு செய்துவிட்டாள்: ஆட்டம் முடிந்த மறுநாள், இனிமேல் என் வேலையில் கை வைக்காதீங்க என்று கணவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்த மனிதர் நாள் முழுக்க எங்கே போய் உட்காருவார் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

எட்டையும் தைத்து, கோடு இழுத்து, காயவைத்து, கம்பளிக்குள் வெந்து பார்த்து, மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தாள். வந்தால் எல்லாம் ஜன்னலோரம் வரிசையாகத் தொங்குகின்றன.

"மடிச்சு வெச்சத யாரு எடுக்கச் சொன்னது?"

"கசங்கிடுமேன்னுதான். ஒவ்வொண்ணா தோள்ல புடிச்சு உதறி மாட்டினேன்."

"கை சுத்தமா இருந்துதா?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தன. இன்னொரு முறை கம்பளிக்குள் போக அவளுக்கு நேரமில்லை.

சாயங்காலம் அரங்கில் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்ற எட்டுப் பேரின் முதுகிலும் கோடுகள் ஒளிர்ந்தன, துளி கோணல் இல்லாமல். அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

ஒவ்வொருவர் தோளிலும் இரண்டு கைகள். பின்னால் யாரோ நின்று பிடித்துக்கொண்டிருப்பதுபோல, ஒரு தோளில் நான்கு விரல்கள், மறு தோளில் மூன்றரை.

"என்னங்க இது?" என்று பல்லைக் கடித்தாள்.

"கிண்ணத்துல பசை கொஞ்சம் மிச்சமிருந்துச்சு. வீணாப் போகுதேன்னு ரெண்டு கையாலயும் வழிச்சு பாட்டில்ல போட்டேன்" என்றார் அவர். "மாட்டினதுக்கு அப்புறம்தான் கழுவினேன்." வலது கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

போச்சு, எல்லாம் மண்ணாய்ப் போச்சு என்று அவள் தலையில் கை வைத்தபோது, மேடையில் எட்டுப் பேரும் பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். அந்தக் கைகள் விழாமல் தாங்கின மாதிரியே இருந்தது. அரங்கமே கைதட்டியது.

டீச்சர் நேராக அவளிடம் வந்தார். "தோள்ல கை வெச்சது யாரோட யோசனை? அடுத்த ஆட்டத்துக்கு எல்லாச் சட்டையிலயும் அதே கை வேணும். அந்தக் குட்டை விரலோட."

மின்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பளிக்குள் வெந்தவள் இவள். அந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? என் யோசனைதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டு அந்தக் கைக்கு எங்கே போவது? மறுநாள் சொல்ல வைத்திருந்ததையும் இனி சொல்ல முடியாது.

"இவரோடதுதான்" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் மெல்ல ஆரம்பித்தார். "நான் வேணும்னு பண்ணல."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா எட்டும் எட்டு இடத்துல விழுந்திருக்கும்."

பஸ் வந்தது. இடது கையில் பை, வலது கை பாக்கெட்டில், அப்படியே படியேறப் பார்த்தார்.

"பாக்கெட்லேர்ந்து கைய எடுங்க" என்றாள் பின்னாலிருந்து. "கம்பியப் புடிக்காம விழுந்து வெச்சீங்கன்னா அடுத்த ஆர்டருக்கு நான் யாரு கையத் தேடிப் போறது?"

அவர் எடுத்தார். உட்கார இடமில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தக் கை, வீடு வரும்வரை, தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்தபடியே இருந்தது.